சாயப்பட்டறைக்கு ரிஸ்க் அசெஸ்மென்ட்: எண்களை எங்கிருந்து எடுப்பது?

கேட்டவர்: நொய்யல்கரை ஃபிட்டர்

வணக்கம். திருப்பூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். டிப்ளமோ முடித்து நான்கு வருடம் ஆகிறது. இரண்டு ஷிப்ட்டும் சேர்த்து 110 பேர் இருக்கிறோம். பன்னிரண்டு சாஃப்ட் ஃப்ளோ (துணிக்குச் சாயமேற்றும் மூடிய மெஷின்), மூன்று எக்ஸ்ட்ராக்டர் (துணியைச் சுழற்றித் தண்ணீரைப் பிழிவது), ஒரு ஸ்டென்டர் (துணியை விரித்து உலர்த்துவது), விறகு பாய்லர், சொந்த ஈடிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு).

அடுத்த மாதம் பையர் ஆடிட், அதாவது துணி வாங்கும் கம்பெனியின் சோதனை. சேஃப்டி ஃபைலை நீயே பார்த்துக்கொள் என்று ஜி.எம். என் கையில் கொடுத்துவிட்டார். போன வருடம் ஒரு கன்சல்டன்ட் செய்து கொடுத்த ரிஸ்க் அசெஸ்மென்ட் (எந்த வேலையில் என்ன ஆபத்து, எவ்வளவு என்ற பட்டியல்) அதில் இருக்கிறது. மொத்தம் 212 வரி. உட்கார்ந்து முழுவதும் படித்தேன். எங்களிடம் இல்லாத ஃபோர்க்லிஃப்ட் இருக்கிறது, அமோனியா சிலிண்டர் இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு முறை ஆள் இறங்கிக் கழுவும் ஈடிபி டேங்க் மட்டும் இல்லை. எந்த வரியைப் பார்த்தாலும் கடைசி ரிஸ்க் எண் 4, 6 அல்லது 8. கடைசிக் கட்டத்தில் "கையுறை, மாஸ்க் அணியவும், பயிற்சி அளிக்கவும்" என்று ஒரே வாசகம் மேலிருந்து கீழ்வரை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "எக்ஸ்ட்ராக்டர் மூடியில் இன்டர்லாக் உள்ளது" என்று ஒரு வரி. மூடி திறந்திருந்தால் மெஷினை ஓட விடாத ஏற்பாடு அது. எங்கள் இரண்டாம் நம்பர் எக்ஸ்ட்ராக்டரில் அந்த லிமிட் ஸ்விட்சுக்கு ஜம்பர் ஒயர் போட்டு, அதை வேலை செய்யாமல் ஆக்கித்தான் ஆறு மாதமாக ஓடுகிறது. போட்டது நான்தான். அந்த வரியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் சந்தேகங்கள் இவை. ஹசார்ட், ரிஸ்க் என்று இரண்டு கட்டம் இருக்கிறதே, இரண்டும் வேறு வேறா? நடக்கும் வாய்ப்புக்கு 1 முதல் 5, பாதிப்புக்கு 1 முதல் 5 என்று போட்டு, இரண்டையும் பெருக்கி ரிஸ்க் எண் எழுதச் சொல்கிறார்கள். எங்கள் மில்லில் இதுவரை நடக்காத விஷயத்துக்கு வாய்ப்பு 1 என்று போடலாமா? கையுறை கொடுத்துவிட்டால் 20 என்பதை 4 ஆக்கிவிடலாமா? பழைய ஃபைலில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அனுபவம் உள்ள அண்ணன்மார், அக்காமார் யாராவது சொல்லுங்கள்.

பதில்: பெருந்துறை சேஃப்டி

தம்பி, ஜம்பர் போட்டதை நீயே எழுதிவிட்டாய். பாதி வேலை அங்கேயே முடிந்தது. மீதியை எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

நான் பதின்மூன்று வருடம் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையிலும் கட்டுமானத்திலும் இருந்தவன். ரிக்கராகப் போய் சேஃப்டி சூப்பர்வைசராகத் திரும்பினேன். அங்கே 2004 ஏப்ரலில் நிக்கோல் ஹைவே பக்கம் சுரங்க ரயில் வேலை நடந்த இடம் சரிந்து நான்கு பேர் இறந்தார்கள். அப்புறம்தான் சட்டத்தையே மாற்றினார்கள். 2006இல் ரிஸ்க் அசெஸ்மென்ட் கட்டாயம் ஆயிற்று. மூன்று வருடத்துக்கு ஒரு முறையாவது திருப்பிப் பார்க்க வேண்டும், விபத்து நடந்தாலோ வேலை முறை மாறினாலோ உடனே பார்க்க வேண்டும் என்று விதி. முதல் தடவை எங்கள் ஃபோர்மேன் பேப்பரோடு வந்து, கப்பலின் அடித்தொட்டி வாசலில் எங்கள் ஆறு பேரையும் உட்கார வைத்து, "உள்ள போனா உங்களுக்கு எதுக்குடா பயம்?" என்று தமிழில் கேட்டார். அன்று நாங்கள் சொன்னதில் பாதி அவருக்கே தெரியாது. இந்த வேலையை நான் கற்றுக்கொண்டது அந்த ஒரு கேள்வியில்தான்.

அதனால் முதலில் எக்ஸெலை மூடி வை. ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு இரவு ஷிப்ட்டில் இரண்டு மணிக்குப் போ. பகலில் ஜி.எம். இருப்பார், எல்லாரும் கையுறை போட்டிருப்பார்கள். இரவு இரண்டு மணிக்கு எப்படி ஓடுகிறதோ அதுதான் உங்கள் மில்.

ஹசார்ட், ரிஸ்க் சந்தேகத்துக்கு வருகிறேன். ஸ்டோரில் கட்டிய காஸ்டிக் மூட்டை இருக்கிறதே, அது ஹசார்ட். தோலையும் கண்ணையும் அரிக்கும் குணம் அதற்குள் இருக்கிறது, யார் தொட்டாலும் தொடாவிட்டாலும் இருக்கும். அந்த மூட்டையைப் பிரித்து, அவசரத்துக்கு வெந்நீர் பக்கெட்டில் ஒரே வீச்சாகக் கொட்டி, முகத்தை மேலே வைத்துக் குச்சியால் கலக்குகிறானே ஹெல்பர், அது ரிஸ்க். காஸ்டிக் கரையும்போதே சூடு கிளம்பும். வெந்நீரில் போட்டால் கொதித்து முகத்துக்குத் தெறிக்கும். பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் அதே காஸ்டிக், ரிஸ்க் வேறு. ஆக, பொருளின் பெயரை எழுதினால் போதாது. யார், எப்போது, எப்படிச் செய்யும்போது, என்ன ஆகும் என்பதுவரை ஒரு வாக்கியமாக எழுது. எழுத முடியவில்லை என்றால் நீ இன்னும் பக்கத்தில் போய்ப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

மெஷின் பட்டியலை வைத்து எழுதாதே, வேலைப் பட்டியலை வைத்து எழுது. சாஃப்ட் ஃப்ளோ என்று ஒரு வரி போட்டால் ஒன்றுமே பிடிபடாது. துணி ஏற்றுவது, மருந்து விடுவது, சாம்பிள் எடுப்பது, துணி சிக்கிக்கொண்டால் மூடியைத் திறப்பது, இறக்குவது, பம்ப் சீல் மாற்றுவது எல்லாம் தனித்தனி வேலை. இதில் தினமும் நடக்கும் வேலையைவிட எப்போதாவது நடக்கும் வேலையைத்தான் நீ தேடிப் பிடிக்க வேண்டும். பாலியெஸ்டர் ஓடும்போது உள்ளே 130 டிகிரி. அந்தச் சூட்டில் தண்ணீரின் ஆவி அழுத்தமே வெளிக்காற்றைவிடச் சுமார் 1.7 பார் அதிகம். துணி சிக்கிவிட்டது, பேட்ச் வீணாகிறது என்று இறங்க வேண்டிய சூடு இறங்குவதற்குள் யாராவது மூடியில் கை வைத்தால், வெளிக்காற்று பட்ட நொடியில் அந்தத் தண்ணீர் கொதித்துச் சீறும். இந்த வேலை எந்த எஸ்ஓபியிலும் (எழுதி வைத்த வேலை முறை) இருக்காது. ஆபரேட்டரிடம் கேட்டால் சொல்வான். "சிக்கினா எப்படிண்ணே எடுப்பீங்க?" என்று கேள். "எடுத்துக்காட்டுங்க" என்று கேள், இன்னும் நல்லது.

இப்போது எண்களுக்கு வருகிறேன். பாதிப்புக்கு எண் போடும்போது, நடந்தே விட்டால் நம்பத் தகுந்த அளவில் மோசமாக என்ன ஆகும் என்று பார். எக்ஸ்ட்ராக்டரில் கை மாட்டினால் கை போகும், உயிரும் போகலாம். அதற்கு 2 போட முடியாது.

நடக்காத விஷயத்துக்கு வாய்ப்பு 1 போடலாமா என்று கேட்டாய். கூடாது. கணக்காகவே சொல்கிறேன். உங்கள் ஈடிபி டேங்கில் வருடத்துக்கு இரண்டு முறை இறங்குகிறார்கள், பத்து வருடத்தில் இருபது முறை. ஒவ்வொரு முறையும் ஐம்பதில் ஒரு பங்கு சாவு வாய்ப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள், பயங்கரமான வாய்ப்பு அது. அப்படி இருந்தும் இருபது முறையும் ஒன்றுமே நடக்காமல் போவதற்கு 67 சதவீதம் இடம் இருக்கிறது. இதே மாதிரி இறங்கும் மில்கள் மூன்று இருந்தால் அதில் இரண்டு மில் "பத்து வருஷமா இப்படித்தான் செய்யறோம், ஒண்ணும் ஆகலை" என்று சொல்லும். மூன்றாவது மில்லில் ஒரு வீடு இருண்டிருக்கும். நடந்ததா என்பதை விட்டுவிட்டு, எத்தனை முறை செய்கிறோம், கெட்டது நடக்க எத்தனை விஷயம் ஒரே நேரத்தில் தவற வேண்டும், அதைத் தடுக்க இப்போது நிஜமாக என்ன இருக்கிறது என்று பார். ஒரே ஒரு விஷயம் தவறினால் போதும் என்றால் வாய்ப்பு 4க்குக் கீழே போகாது.

"இப்போதுள்ள பாதுகாப்பு" என்று ஒரு கட்டம் வருமே, அந்தக் கட்டத்தில்தான் மனிதர்கள் சாகிறார்கள் என்று நான் சொல்லுவேன். போபாலில் 1984 டிசம்பரில் அந்த வாயு கிளம்பிய இரவு, தொட்டியைக் குளிர வைக்கும் அமைப்பு நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரிக்கும் ஃப்ளேர் கோபுரம் பழுதுக்காகத் துண்டிக்கப்பட்டிருந்தது. பேப்பரில் இரண்டும் இருந்தன. நீ உன் கண்ணால் பார்த்து, கையால் சோதித்ததை மட்டும் அந்தக் கட்டத்தில் எழுது. இரண்டாம் நம்பர் எக்ஸ்ட்ராக்டருக்கு "இன்டர்லாக் இல்லை" என்று எழுது. எழுதிவிட்டு, ஏன் ஜம்பர் போட்டாய் என்று உன்னையே கேட்டு அதையும் எழுது. தண்ணீர் இறங்கி ஸ்விட்ச் ட்ரிப் ஆகியிருக்கும், புரொடக்‌ஷன் நின்றிருக்கும், உன்னைக் கத்தியிருப்பார்கள். அப்படியென்றால் அதற்குத் தீர்வு, தண்ணீர் புகாத ஐபி67 சென்சார். "ஜம்பர் போடாதே" என்று போர்டு மாட்டி ஒரு பிரயோஜனமும் இல்லை.

கையுறையால் 20ஐ 4 ஆக்க முடியாது. காஸ்டிக் கண்ணில் பட்டால் ஆகும் பாதிப்பு, கையுறை போட்டிருந்தாலும் அதேதான். படும் வாய்ப்பு கொஞ்சம் குறையும், அதுவும் அவன் போட்டிருந்தால், கிழியாமல் இருந்தால், உள்ளே ஈரம் இல்லாமல் இருந்தால். இந்த மூன்று "இருந்தால்"களுக்கு நான் ஒரு புள்ளிக்கு மேல் குறைக்க மாட்டேன். அந்த வேலையே இல்லாமல் செய்ய முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் வேறு பொருள், அதுவும் முடியாவிட்டால் மூடிய பைப், பம்ப், தடுப்பு மாதிரி இயந்திர ஏற்பாடு. அதற்கப்புறம்தான் முறை, பெர்மிட் (வேலைக்கு எழுத்தில் அனுமதி), பயிற்சி. கையுறையும் மாஸ்க்கும் கடைசி வரிசை. உங்கள் பழைய ஃபைல் கடைசி வரிசையில் ஆரம்பித்து அங்கேயே முடித்துவிட்டது.

டேங்கைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். அதற்கு முன்னால் ஒன்று: இந்தப் பதிலைப் படித்த உடனே, அசெஸ்மென்ட் முடியும்வரை யாரும் அதில் இறங்கக் கூடாது என்று ஜி.எம்.மிடம் சொல்லிவிடு.

பதில்: கலர் கிச்சன் அக்கா

அண்ணா சொன்னதெல்லாம் சரி. ஆனால் எல்லாமே ஒரே நாளில் நடக்கிற விபத்தைப் பற்றியே இருக்கிறது. மெதுவாக வருவதை நான் சொல்கிறேன்.

நான் ஒன்பது வருடம் கலர் கிச்சனில் டை எடை போட்டவள். ரியாக்டிவ் டை பவுடர் மூக்கில் ஏறினால் சிலருக்கு உடம்பு அதை எதிரியாக எடுத்துக்கொள்ளும். அப்புறம் கொஞ்சம் தூள் பட்டாலே மூச்சு இழுக்கும். எனக்கு அப்படித்தான் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் நன்றாக இருப்பேன், திங்கள் மத்தியானம் இருமல் ஆரம்பித்துவிடும். சளி என்று இரண்டு வருடம் மருந்து சாப்பிட்டேன். லீவு நாளில் சரியாகி வேலை நாளில் திரும்பி வந்தால் அது வேலையால் வருவது என்று ஒரு டாக்டர் கேட்ட பிறகுதான் புரிந்தது. இப்போது சாம்பிள் ரெக்கார்டு பார்க்கும் வேலைக்கு மாறிவிட்டேன், தூள் பக்கமே போவதில்லை.

உங்கள் 212 வரியில் "டை எடை போடுதல்" இருந்தால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "துணி கட்டிக்கொள்ளவும்" என்று இருந்தால் அடித்துவிடுங்கள் தம்பி. துப்பட்டா கட்டினால் அந்த நுண்ணிய தூள் நிற்காது. தராசுக்குப் பக்கத்திலேயே தூளை உறிஞ்சும் ஹூட் வேண்டும். அள்ளும் கரண்டியை உயரத்திலிருந்து கவிழ்க்கக் கூடாது, கீழே இறக்கி மெல்லச் சாய்க்க வேண்டும். கொட்டினதைத் துடைப்பத்தால் கூட்டுவதும், ஏர் ஹோஸ் வைத்து ஊதுவதும் கூடவே கூடாது, ஈரத் துணியால் துடைக்க வேண்டும். தூள் கம்மியாகப் பறக்கும் குருணையாகவோ திரவமாகவோ வரும் டை இருக்கிறது, எந்தெந்த ஷேடுக்குக் கிடைக்கும் என்று சப்ளையரிடம் கேளுங்கள்.

ஹைட்ரோஸ் (சோடியம் ஹைட்ரோசல்ஃபைட்) டிரம்மையும் மறந்துவிடாதீர்கள். ஈரக் கரண்டி போட்டால் அதுவாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும், மூச்சடைக்கும் சல்ஃபர் டை ஆக்சைடு வரும். மழைக்காலத்தில் ஒழுகும் கூரைக்குக் கீழே அந்த டிரம் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். தனி இடம், தனிக் காய்ந்த கரண்டி, இறுக்கமான மூடி.

அப்புறம், உங்களிடம் எத்தனை பேர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பக்கம்? எங்கள் மில்லில் பாதிக்கு மேல். போர்டெல்லாம் தமிழிலும் இங்கிலீஷிலும் இருக்கிறது. பயிற்சி கொடுத்ததாகக் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள். கையெழுத்தைப் பார்க்காதீர்கள். அந்தப் பையனையே செய்து காட்டச் சொல்லுங்கள், அவனுக்கு எது புரிந்தது என்று அப்போது தெரியும்.

பதில்: ஆடிட் டேபிள்

நான் கம்ப்ளையன்ஸ் வேலை பார்க்கிறேன். ஒரு எச்சரிக்கை மட்டும். பழைய ஃபைலைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். திருத்தத்துக்கு எண் போட்டு, தேதி போட்டு, எந்த வரி ஏன் மாறியது என்று ஒரு பக்கம் சேர்த்து வையுங்கள். ஃபோர்க்லிஃப்ட் வரியை எடுத்தால் "எங்களிடம் இல்லை" என்று காரணம் எழுதுங்கள். போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் என்ன மாறியது என்று ஆடிட்டர் கேட்பார், ஆட்களைத் தனியாகக் கூப்பிட்டும் பேசுவார்.

எனக்கு ஒரு கவலை. இவ்வளவு உண்மையை எழுதினால், "இன்டர்லாக் இல்லை" என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே? ஆடிட்டில் அது பெரிய குறையாக விழும். முதலாளி உங்களைத்தான் கேட்பார்.

கேட்டவர்: நொய்யல்கரை ஃபிட்டர்

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு இரண்டு மணிக்குப் போனேன். ஆறு பக்கம் எழுதினேன். கண்டதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். நாலாம் நம்பர் சாஃப்ட் ஃப்ளோவில் துணி சிக்கினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதும், ஆபரேட்டர் ஒரு நீளக் கம்பியை எடுத்து வந்தார். வளைத்துக் கொக்கி மாதிரி செய்து வைத்திருக்கிறார். 80 டிகிரிக்குக் கீழே வந்தால்தான் மூடியைத் திறக்க விடும் பூட்டு ஒன்று உண்டு, அந்தப் பூட்டையே ஒரு தகடு சொருகி ஏமாற்றியிருக்கிறார்கள். நான் மாதத்துக்கு இரண்டு தடவை அந்த மெஷினில் கை வைப்பவன், எனக்குத் தெரியாது.

அக்கா சொன்ன ஹைட்ரோஸ் டிரம், ஒழுகும் கூரைக்குக் கீழேதான் இருந்தது. அன்றே மாற்றிவிட்டோம்.

ஜி.எம்.மிடம் டேங்கைச் சொன்னேன். இறங்க வேண்டாம் என்று ஒத்துக்கொண்டார். ஆனால் "கேஸ் மீட்டர், புளோயர்னு இவ்வளவு செலவு எதுக்கு, வெளிய கான்ட்ராக்டர் கிட்ட குடுத்துடலாமே" என்கிறார். பெருந்துறை அண்ணா, டேங்கைப் பற்றி எழுதுங்கள்.

பதில்: பெருந்துறை சேஃப்டி

முதலில் ஆடிட் டேபிள் நண்பருக்கு. குறையை எழுதி, பக்கத்தில் யார், எந்தத் தேதிக்குள் சரிசெய்வார் என்று எழுதி, அதற்குள் அந்த மெஷினை நிறுத்தி வைத்தால் அதை மறைக்க எதுவும் இல்லை. இருக்கிறது என்று பொய்யாக எழுதி வைத்த இன்டர்லாக்கில் ஒருவன் கை போனால், அந்தப் பேப்பரே முதலாளிக்கு எதிராக நிற்கும். தம்பியைக் காப்பாற்றப் போவதும் உண்மையான அந்த வரிதான்.

தம்பி, டேங்க். பல வருடத்துக்கு முன்னால் ஒரு மில்லில் இரண்டு பேரை வெளியே எடுத்த இடத்தில் நான் நின்றிருக்கிறேன். முதல் ஆள் சேற்றைக் கிளறும்போது விழுந்தான். இரண்டாவது ஆள் அவனுடைய மச்சான், கூப்பிட்டுக்கொண்டே ஏணியில் இறங்கினான். அந்த மில்லின் ஃபைலிலும் டேங்குக்கு ஒரு வரி இருந்தது. "மாஸ்க் அணியவும்" என்று. அவர்கள் கட்டியிருந்தது பஞ்சுத் தூசிக்குக் கட்டும் மாஸ்க். அதன் பிறகு எந்த மில்லுக்குப் போனாலும் முதலில் டேங்க்கைத்தான் கேட்பேன்.

என்ன நடக்கிறது என்று புரிந்துகொள். சாயத்துக்குக் கிளாபர் சால்ட் போடுகிறீர்கள், அது சோடியம் சல்பேட். தண்ணீரோடு ஈடிபிக்கு வருகிறது. அடியில் சேறு படிந்து காற்றில்லாமல் கிடந்தால், அந்த சல்பேட்டைத் தின்னும் பாக்டீரியா ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாக்கும். அந்த வாயு காற்றைவிட ஏறக்குறைய 1.2 மடங்கு கனம், அடியிலேயே தங்கும். பாதி சேற்றுக்குள்ளேயே அடைபட்டிருக்கும், காலை வைத்து மிதித்துக் கிளறும்போதுதான் வெளியே வரும். அதனால் இறங்குவதற்கு முன்னால் மீட்டர் நல்ல அளவு காட்டியது என்பது போதாது. இறங்குபவன் நெஞ்சில் மீட்டர் தொங்க வேண்டும், வேலை முடியும்வரை. சேற்றில் ஆசிட் விட்டால் மொத்தமாகக் கிளம்பும், நியூட்ரலைஸ் பண்ணும் ஆசிட் லைன் மூடிப் பூட்டியிருக்க வேண்டும்.

"நாத்தம் அடிச்சா ஏறிடுவோம்" என்பார்கள். அழுகின முட்டை நாற்றம் குறைந்த அளவில்தான் தெரியும். 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு) வாக்கில் மூக்கு மரத்துப்போய்விடும். நாற்றம் போய்விட்டது, வாயு போய்விட்டது என்று நினைக்கும் நேரம்தான் மிக மோசமான நேரம். அதற்கும் மேலே 500, 700 என்று போனால் சில நிமிடத்தில் ஆள் சாய்வான்.

காப்பாற்றப் போகிறவனைப் பற்றி ஒன்று. அமெரிக்காவின் நையோஷ் என்ற தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986இல் வெளியிட்ட எச்சரிக்கையில், இப்படி அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்ற இறங்கியவர்கள் என்று இருக்கிறது. உன் அசெஸ்மென்ட்டில் "யாருக்கு ஆபத்து" என்ற கட்டத்தில் இறங்குபவனை மட்டும் எழுதாதே. வாசலில் நிற்பவன், பக்கத்து ஈடிபி ஆபரேட்டர், ஓடி வரும் வாட்ச்மேன், எல்லாரையும் எழுது. மீட்பு என்றால் மேலே நின்றுகொண்டே இழுப்பது: மூன்று கால் ஸ்டாண்ட், வின்ச், இறங்குபவன் உடம்பில் முழு ஹார்னஸ், கயிற்றின் மறுமுனை மேலே. கயிறு கட்டி இறங்குவது நம் 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவிலேயே இருந்த விஷயம். தகுதியுள்ள ஒருவர் சோதித்து எழுத்தில் சான்று கொடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மூச்சுக்கருவியும் கயிறு கட்டிய பெல்ட்டும் போட்டு, கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். உள்ளே கொண்டு போகும் கை விளக்கு 24 வோல்ட்டுக்கு மேல் கூடாது என்று 36ஏ சொன்னது. எழுபது வருடத்துக்கு மேலான பழைய விதி தம்பி இது.

சோதிக்கும் வரிசை: முதலில் ஆக்சிஜன், அப்புறம் எரியும் வாயு, அப்புறம் விஷ வாயு. மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்தில், குழாய் விட்டு வெளியே நின்றே எடுக்க வேண்டும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இறங்கக் கூடாது. சாதாரணக் காற்றில் 20.9 இருக்கும், அது ஏன் குறைந்தது என்று கண்டுபிடிக்காமலும் இறங்கக் கூடாது.

இதெல்லாம் இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால். முதல் கேள்வி, ஏன் இறங்க வேண்டும்? சேறு படிவதால். படியாமல் இருக்க, அடியிலிருந்து காற்றுக் குமிழி விடும் ஏர் டிஃப்யூசர் ஒழுங்காக ஓடுகிறதா? கழிவுநீர் முதலில் வந்து சேரும் ஈக்வலைசேஷன் டேங்கில் பாதி டிஃப்யூசர் அடைத்துக் கிடக்கும், யாரும் பார்க்க மாட்டார்கள். அதைச் சரிசெய்தால் வருடத்துக்கு இரண்டு தடவை என்பது வெகுவாகக் குறையும். படிந்த கொஞ்சத்தை மேலே நின்று ஜெட் அடித்து, ஸ்லட்ஜ் பம்ப்பால் இழுக்கலாம். ஆள் இறங்காவிட்டால் உன் வரியில் 20 என்ற எண்ணே தேவைப்படாது.

செலவைப் பற்றி ஜி.எம். கேட்கிறார். போபாலுக்குப் பிறகு 1987இல் அந்தச் சட்டத்தில் 7ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள், "நியாயமான அளவில் இயன்றவரை" தொழிலாளியின் பாதுகாப்பை முதலாளி பார்க்க வேண்டும் என்று. அந்த "நியாயமான அளவு" எவ்வளவு என்பதை இங்கிலாந்து நீதிமன்றம் 1949இல் ஒரு நிலக்கரிச் சுரங்க வழக்கில் சொல்லியிருக்கிறது. ஒரு தட்டில் ஆபத்தை வை, மறு தட்டில் அதைத் தடுக்க ஆகும் பணம், நேரம், சிரமத்தை வை. ஆபத்து மிக அற்பமாக இருந்து, செலவு அதற்குப் பொருத்தமே இல்லாத அளவுக்குப் பெரிதாக இருந்தால் மட்டுமே விடலாம். உங்கள் தட்டில் ஒரு உயிர். மறு தட்டில் ஒரு மீட்டர், ஒரு புளோயர், ஒரு ஸ்டாண்ட். ஜி.எம்.மிடம் இதை அப்படியே சொல்.

கான்ட்ராக்டரிடம் கொடுத்தால் வேலைதான் அவரிடம் போகும், டேங்க் உங்களுடையதுதான். அவர் கொண்டுவரும் ஆட்களிடம் என்ன கருவி இருக்கிறது என்று பார்த்து, பெர்மிட் எழுதிக் கொடுத்து, வாசலில் உங்கள் ஆள் நிற்க வேண்டும். கழிப்பறை செப்டிக் டேங்குக்கு இது இன்னும் கண்டிப்பு. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்கினால், கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி குற்றம், கான்ட்ராக்டர் மூலமாக இறக்கினாலும் குற்றம்தான்.

கேட்டவர்: நொய்யல்கரை ஃபிட்டர்

அண்ணா, உங்கள் பதிலைப் பிரிண்ட் எடுத்து ஜி.எம். மேசையில் வைத்தேன். படித்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் மச்சான் கதையை மட்டும் திரும்பக் கேட்டார்.

இப்போதைய நிலவரம். 212 வரி 64 ஆகியிருக்கிறது. ஈடிபி மட்டும் ஒன்பது வரி. இரண்டாம் நம்பர் எக்ஸ்ட்ராக்டர் நிற்கிறது, சென்சார் கோயம்புத்தூரிலிருந்து வியாழக்கிழமை வரும். சாஃப்ட் ஃப்ளோ தகட்டை எடுத்தாயிற்று. அதை ஏன் சொருகினார்கள் என்று ஆபரேட்டர்களோடு உட்கார்ந்து பேசினோம். லோடு அதிகம் போடுவதால்தான் துணி சிக்குகிறது என்கிறார்கள். புரொடக்‌ஷன் மேனேஜர் ஒரு வாரம் லோடைக் குறைத்துப் பார்க்க ஒத்துக்கொண்டார். ஒடிசாப் பையன்கள் இரண்டு பேரைக் கூட வைத்துக்கொண்டு கலர் கிச்சனில் எழுதினேன் அக்கா, ஹூட்டுக்குக் கொட்டேஷன் கேட்டிருக்கிறோம்.

டேங்க் மூடிக்குப் பூட்டுப் போட்டு, சாவி ஷிப்ட் இன்சார்ஜிடமும் என்னிடமும். டிஃப்யூசரைப் பார்த்தோம், பதினெட்டில் பதினொன்று அடைத்திருக்கிறது. வழக்கமாக வரும் கான்ட்ராக்டர் இன்று போன் செய்தார், சனிக்கிழமை நாலு ஆளோடு வருகிறேன், மாமூல் வேலைதானே என்றார். மீட்டர் இருக்கிறதா, ஹார்னஸ் இருக்கிறதா என்று கேட்டேன். கயிறு இருக்கிறது என்றார். வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஸ்லட்ஜ் பம்ப் வாடகைக்கு விசாரித்துக்கொண்டிருக்கிறேன், ஈரோட்டில் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.